பாதி மறுமலர்ச்சி

'மறுமலர்ச்சி' என்ற சொல்லை நம் மேடைகள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர்த் தேரடி வரைக்கும் எந்தக் கூட்டத்தில் போய் நின்றாலும், எந்தக் கொடி பறந்தாலும், பேச வந்தவர் ஒரு தடவையாவது 'தமிழ் மறுமலர்ச்சி' என்று சொல்லாமல் மைக்கை விடமாட்டார். சொன்னவுடன் கைதட்டல் எழும். தட்டியவர்களில் ஒருவரைத் தனியே அழைத்து, "மறுபடி மலர்ந்தது எது ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம பழம்பெருமைதான்" என்பார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்குத் துணையாக இன்னொரு சொல்லும் நம்மிடம் அகப்பட்டுக்கொண்டு விழிக்கிறது: ஹியூமனிஸம். அதை முதலில் 'மனிதாபிமானம்' என்று பெயர்த்தோம். பிறகு 'மனிதநேயம்' என்று மெருகேற்றினோம். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பவர் மனிதநேயர். வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் கொண்டு வருபவர் மனிதநேயர். அதைப் படம் பிடித்துப் போடுபவர் அவரைவிடப் பெரிய மனிதநேயர். நல்ல காரியங்கள்தாம், கடைசியில் சொன்னதைத் தவிர மற்றவை கும்பிடத் தக்கவை. ஆனால் இத்தாலியில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பெயருக்கு உரியவர்களாக இருந்தவர்கள் செய்த வேலை வேறு. அவர்கள் பெரும்பாலும் வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், ஏடு தேடி அலைந்தவர்கள், பிழை திருத்துகிறவர்கள். இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறநூல் ஆகிய ஐந்து பாடங்களுக்கு 'மனிதத்துவப் படிப்பு' என்று பெயர் வைத்து, மனிதனை மனிதனாக்குவது இந்தப் படிப்புத்தான் என்று சாதித்தவர்கள்.

என் குற்றச்சாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கு இரண்டு கைகள். ஒரு கை பழைய ஏட்டைத் தூசி தட்டி எடுத்தது. மறு கை அந்த ஏட்டை உரைத்துப் பார்த்தது: இது மெய்யா, பொய்யா? எந்தக் காலத்தது? எவன் எழுதினான், எவன் இடையில் நுழைத்தான்? நாம் முதல் கையை எடுத்து மாலை போட்டுக்கொண்டோம். இரண்டாவது கையை வெட்டிவிட்டோம். அதனால்தான் நம்முடையது பாதி மறுமலர்ச்சி என்கிறேன். இந்தப் பாதியால் அதிகமாக நஷ்டப்பட்டவர்கள் பண்டிதர்கள் அல்லர். துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்கள்தாம்.

முதலில் இத்தாலிக் கதையைப் பார்ப்போம். நான் கல்லூரிப் படிப்பில் நெடுந்தூரம் போனவனல்லன். பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டவன். அதனால் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடங்களைத்தான் சொல்வேன்.

பெட்ரார்க் என்ற கவிஞர் 1345-ல் வெரோனா நகரத்துத் தேவாலய நூலகத்தில் ஒரு சுவடியைக் கண்டெடுத்தார். ரோமாபுரியின் மகா பேச்சாளர் ஸிஸரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் அதில் இருந்தன. ஸிஸரோ செத்து ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பெட்ரார்க்குக்கு அவர் குலதெய்வம் மாதிரி. கடிதங்களைத் தம் கையாலேயே உட்கார்ந்து பிரதி எடுத்தார். எடுக்க எடுக்க மனம் கசந்தது. ஞானி என்று நினைத்திருந்த மனிதர், பதவிச் சண்டையில் தவித்திருக்கிறார், சஞ்சலப்பட்டிருக்கிறார், நேற்றுப் புகழ்ந்தவரை இன்று ஏசியிருக்கிறார். பெட்ரார்க் என்ன செய்தார் தெரியுமா? சுவடியை மூடி மறைக்கவில்லை. இறந்துபோன ஸிஸரோவுக்கே ஒரு கடிதம் எழுதி, 'நீர் இப்படி நடந்துகொள்ளலாமா?' என்று கேட்டார். அன்பு குறையாமலே கேட்டார்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் மேடையில் யாராவது ஒரு பழம்புலவரைப் பார்த்து, 'நீர் இப்படிப் பாடலாமா?' என்று அன்போடு கேட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப முடியுமா?

அடுத்தவர் போஜ்ஜோ. போப்பாண்டவரின் அலுவலகத்தில் எழுத்தர். மத மாநாட்டுக்காக வந்த இடத்தில் வேலை குறைந்தபோது, மலைநாட்டு மடங்களில் புகுந்து ஏடு தேடினார். 1416-ல் ஸெயின்ட் காலன் மடத்தில், கோபுரத்தின் அடியில் அழுக்கும் பூஞ்சையும் படிந்து கிடந்த சுவடிகளுக்கு நடுவே, பேச்சுக் கல்வி பற்றி க்விண்டிலியன் எழுதிய முழு நூல் அகப்பட்டது. மறு வருஷம் லுக்ரீஷியஸின் நூல் கிடைத்தது. உலகம் அணுக்களால் ஆனது, மரணத்துக்கு அஞ்ச வேண்டாம் என்று சொல்கிற நூல். போப்பாண்டவரின் எழுத்தரே அதைப் பிரதி எடுக்கச் செய்து உலகத்துக்குக் கொடுத்தார். தம் மதத்துக்கு ஒவ்வாதது என்று தீயில் போடவில்லை.

மூன்றாமவர்தான் என் கதாநாயகர்: லொரென்ஸோ வால்லா. ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன், மேற்குச் சாம்ராஜ்யம் முழுவதையும் போப்பாண்டவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒரு பத்திரம் பல நூற்றாண்டுகளாக நடமாடிக்கொண்டிருந்தது. ராஜாக்கள் அதற்குப் பயந்தார்கள். 1440-ல் வால்லா அந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்தார். கத்தி எடுக்கவில்லை, படை திரட்டவில்லை; இலக்கணம் படித்தவன் செய்கிற வேலையைச் செய்தார். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். ரோமாபுரி அதிகாரிகளை அந்தப் பத்திரம் 'ஸட்ரப்' என்று அழைக்கிறது. அது பாரசீகத்துப் பதவிப் பெயரல்லவா? நாலாம் நூற்றாண்டுச் சக்கரவர்த்தியின் லத்தீன் இப்படியா இருக்கும்? பத்திரம் போலி என்று நிறுவிவிட்டார். அவரை வைத்துச் சோறு போட்ட ராஜாவுக்குப் போப்பாண்டவரோடு அப்போது சண்டை என்பதும் உண்மை. எழுத்தாளனுக்குப் படியளப்பவன் ஒருவன் எக்காலத்திலும் உண்டு. ஆனால் ராஜாவுக்குப் பிடித்ததால் வால்லாவின் வாதம் நிற்கவில்லை. சொற்கள் சாட்சி சொன்னதால் நின்றது. சில வருஷங்கள் கழித்து, கல்வியில் ஆசையுள்ள வேறொரு போப்பாண்டவர் அதே வால்லாவைத் தம் காரியாலயத்திலேயே சேர்த்துக்கொண்டார். அதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நமக்கும் போஜ்ஜோக்கள் உண்டு. இத்தாலிக்காரர்களுக்கு ஓர் அணுவும் குறையாதவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, ஆற்றிலும் கரையானிலும் போய்க்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பிடித்தார். வீரசோழியத்தை 1881-லும் கலித்தொகையை 1887-லும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையரின் கதை உங்களுக்குத் தெரியும். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். படித்த புராணங்கள், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள் எல்லாவற்றையும் ஒப்பித்தார். "இவ்வளவுதானா? சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்ற தோரணையில் முதலியார் கேட்டார். அந்தக் கேள்வி ஒரு மனிதரின் ஆயுளைத் திருப்பிவிட்டது. 1887-ல் சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று வந்துகொண்டே இருந்தன.

நான் இங்கே பட்டியல் போட வரவில்லை. அந்த மனிதர் எப்படிப் படித்தார் என்பதுதான் முக்கியம். அவர் நல்ல சைவர். சைவ மடத்தின் நிழலில் தமிழ் படித்தவர். சிந்தாமணியோ ஜைன நூல். தமக்கு விளங்காத இடங்களுக்கு, 'இது அந்நிய மதம்' என்று ஒதுக்காமல், கும்பகோணத்து ஜைனர் வீடுகளின் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். மணிமேகலைக்காகப் பௌத்தம் படித்தார். ஒரு பிரதி போதாதென்று ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளை வாங்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பக்கத்தின் அடியில் குறித்தார். எந்த மேற்கோள் எந்த நூலிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதினார். 'எனக்குத் தெரியவில்லை' என்று அச்சில் போடத் துணிந்த தமிழறிஞர் அவர். இன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் எத்தனை பேர் அந்த அடிக்குறிப்புகளைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

நமக்கு ஒரு வால்லாவும் கிடைத்தார். எஸ். வையாபுரிப் பிள்ளை. வக்கீலாக இருந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக 1926-ல் வந்தவர். சங்க நூல்களை ஒரே தொகுதியாக 1940-ல் பதிப்பித்தவர். ஏடு கண்டெடுத்தால் மட்டும் போதாது, அதன் காலத்தைச் சொற்களைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்று உட்கார்ந்தார். இந்தச் சொல் எப்போது வழக்குக்கு வந்தது, இந்த நூல் எந்த நூலை அறிந்திருக்கிறது, இந்தச் செய்தி எந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்று கணக்குப் போட்டார். கணக்கின் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. நாம் ஆசைப்பட்டதைவிடப் பிந்திய காலத்தைப் பல நூல்களுக்குச் சொன்னார்.

என்ன நடந்தது? வசைமாரி! தமிழ்த் துரோகி என்றார்கள். வடமொழிக்கு விலைபோனவர் என்றார்கள். 1956-ல் அவர் இறந்த பிறகும் வசை ஓயவில்லை.

வையாபுரிப் பிள்ளை சொன்ன காலங்கள் சரியென்று வாதாட நான் வரவில்லை. அவற்றில் பல இன்று நிற்கவில்லை. ஆனால் எதனால் நிற்கவில்லை? ஐராவதம் மகாதேவன் வெயிலில் மலையேறிக் குகைகளில் தமிழ்-பிராமி எழுத்துக்களைப் படித்தார். கரூருக்கு அருகே புகளூர்க் கல்வெட்டில் சேர அரசர்களின் பெயர்களைக் கண்டு, அவற்றைச் சங்க இலக்கியத்தோடு 1965-ல் பொருத்திக் காட்டினார். ஆயுட்கால உழைப்பை 2003-ல் பெரிய நூலாகக் கொடுத்தார். கீழடியில் 2015 முதல் மண்ணைத் தோண்டினார்கள். எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் வந்தன. கல்லும் ஓடும் பிள்ளையவர்களின் கணக்கைத் திருத்தின. அவரைத் திருத்தியவர்கள் அவருடைய முறையையே கைக்கொண்டவர்கள், சான்று தேடினவர்கள். அவரை ஏசியவர்கள் ஒரு வருஷத்தைக்கூட முன்னுக்குத் தள்ளவில்லை. தமிழின் தொன்மைக்கு மேடைத் தொண்டையால் கிடைத்த சான்று ஒன்றுகூடக் கிடையாது!

இதைச் சொன்னால் மேடையை நான் இழிவுபடுத்துவதாக நினைப்பார்கள். இல்லை. வடசென்னைக்காரன் மேடையை இழிவுபடுத்த முடியாது. 1949 செப்டம்பர் 17-ஆம் தேதி கொட்டும் மழையில் இதே ராபின்ஸன் பூங்காவில் ஒரு கட்சி பிறந்தது. அது எந்த அளவுக்குத் தமிழால், பேச்சால் வளர்ந்த கட்சி என்பதை அதன் எதிரிகளும் மறுக்கமாட்டார்கள். பண்டிதர் வீட்டு அலமாரியில் இருந்த புறநானூற்றையும் சிலப்பதிகாரத்தையும், மூட்டை தூக்குகிறவன் காதுக்கும் வலை பின்னுகிறவன் காதுக்கும் கொண்டு வந்தது மேடைதான். சர்வகலாசாலைகள் செய்யாத காரியம் அது. இத்தாலிக்காரர்களும் பேச்சுக்கலையைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஆகவே மேடைக்கு என் வணக்கம்.

ஆனால் வணக்கத்தோடு ஒரு கேள்வியும் உண்டு. காதுக்குக் கொண்டு வந்தீர்கள். கைக்கு ஏன் கொண்டு வரவில்லை? கேட்டவன் கையில் புத்தகத்தைக் கொடுத்து, 'நான் சொன்னது சரியா என்று நீயே பார்த்துக்கொள்' என்று ஏன் சொல்லவில்லை? தன் பேச்சைச் சரிபார்க்கச் சொல்லும் பேச்சாளனைத்தான் நான் ஹியூமனிஸ்ட் என்பேன். நமக்கு வாய்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டத்தான் கற்றுக் கொடுத்தார்கள். 'கல் தோன்றுமுன்' என்று தொடங்கினால் எங்கே தட்ட வேண்டும் என்று எங்கள் தெருப் பொடியனுக்குத் தெரியும். புறநானூற்றில் எத்தனை பாட்டு வறுமையைப் பற்றியது, எத்தனை பாட்டில் புலவன் அரசனைக் கண்டித்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பாட்டுக்கள் மேடைக்கு அவ்வளவாக வருவதில்லை.

இது ஒரு தரப்பு. எதிர்த் தரப்பில் நிற்பவர்கள் இன்னும் மரியாதையானவர்கள். ஆகையால் இன்னும் ஆபத்தானவர்கள். 'துறைமுகத்துப் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு, சரித்திரம் எதற்கு? ஒரு தொழிலைக் கற்றுக் கொடுங்கள், போதும்' என்பவர்கள் இவர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்று முதல் இந்தப் பக்கத்தை நகரம் ஒரே கண்ணோடுதான் பார்த்து வந்திருக்கிறது. இங்கே சாமான் ஏறும், இறங்கும். நிலக்கரி வரும், சாம்பல் போகும். எண்ணெய் சுத்தமாகும், லாரி உருவாகும். இதற்கெல்லாம் கை வேண்டும். தலை வேண்டுமானால் அதற்கு ஊரின் வேறு பகுதிகள் இருக்கின்றன!

வெளியார் சொன்னால் சண்டை போடலாம். நம்மவரே சொல்லும்போதுதான் என்ன செய்வதென்று தெரிவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேத்தி பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். பதினொன்றில் சரித்திரம் எடுத்துப் படிக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். என்னிடம் பஞ்சாயத்து வந்தது.

"இன்னா சார், நீங்களே சொல்லுங்க. சரித்தரம் படிச்சா சோறு கெடைக்குமா? கணக்குப் பாடம் எடுத்தா நாளைக்கு ஒரு கம்பெனி ஆபீஸ்லயாவது குந்துவா. செத்துப் போன ராஜாவக் கட்டிக்கினு இன்னா பண்ணப் போறா?"

"அண்ணே, செத்துப்போன ராஜாவை விடுங்க. முப்பது வருஷம் வின்ச் ஓட்டினீங்களே, உங்க யூனியன் எப்படி வந்தது, எட்டு மணி நேர வேலை எப்படி வந்ததுன்னு உங்களுக்கு யாராவது படிக்கக் கொடுத்தாங்களா?"

"அதெல்லாம் தலைவருங்க மீட்டிங்ல சொல்லுவாங்க சார்."

"அவங்க சொன்னது நெசமான்னு பாக்க உங்க வீட்டுல ஒரு ஆள் வேணாமா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பேத்தி சரித்திரம் எடுத்தாளா என்று கேட்காதீர்கள், எடுக்கவில்லை. கணக்குப் பதிவியல் எடுத்தாள். நன்றாகப் படிக்கிறாள். பெரியவரின் பயம் நியாயமானது. பசியைப் பார்த்தவரின் பயம் அது. அந்தப் பயத்தை உண்டாக்கிவிட்டு, 'இவர்களுக்கு இதில் ஆர்வமில்லை' என்று எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

'முதலில் வயிறு, பிறகுதான் ஏடு' என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஏழுகிணற்றில் குடியிருந்து, திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய் வந்தவர், ராமலிங்க வள்ளலார். பசியைப் பற்றி அவரைவிட உருகியவர் தமிழில் இல்லை. வடலூரில் அவர் தருமசாலையைத் திறந்து அடுப்பை மூட்டியது 1867-ல். திருவருட்பாவின் முதல் தொகுதி அச்சாகி வந்ததும் அதே 1867-ல்தான். அடுப்பும் அச்சும் ஒரே வருஷத்தில்! ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று அவர் கூட்டம் காத்திருக்கவில்லை. ஏழைக்குச் சோறு மட்டும் போதும் என்று தீர்மானிப்பதில் ஓர் அவமதிப்பு இருக்கிறது. அதை மனிதநேயம் என்று அழைத்தாலும் அவமதிப்பு அவமதிப்புத்தான்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களை எழும்பூருக்கோ இத்தாலிக்கோ அனுப்ப மாட்டேன், திருவொற்றியூருக்கு அனுப்புவேன். அங்கே கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே 'வியாகரணதான வியாக்கியான மண்டபம்' இருந்ததையும், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் அதற்கு நிலம் விடப்பட்டதையும் கல்வெட்டுச் சொல்கிறது. சிவபெருமானே பாணினிக்கு இலக்கணம் உபதேசித்த இடம் என்று நம்பிக்கை. பெட்ரார்க் பிறப்பதற்குச் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் கடலோரத்தில், இலக்கணம் சோறு போட்டு வளர்க்கத் தக்க வித்தை என்று கருதியிருக்கிறார்கள். பெருமைப்படுவதானால் இதற்குப் பெருமைப்படுங்கள்.

பெருமைப்பட்டு முடித்ததும், இரண்டாவது கையை நீட்டி ஒரு கேள்வியும் கேளுங்கள்: அந்த மண்டபத்தில் யார் உட்கார்ந்தார்கள்? கோயிலுக்கு நேரே கடலில் கட்டுமரம் தள்ளினவன் மகன் உட்கார்ந்தானா? இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். இத்தாலியிலும் இந்தக் கறை உண்டு. ஃபிளாரன்ஸில் ஏடு தேடக் காசு கொடுத்த செல்வர்களின் செல்வம் கம்பளி வியாபாரத்தில் வந்தது. அந்தக் கம்பளியைச் சிக்கெடுத்த கூலிகள் 1378-ல் கிளர்ந்தெழுந்து, சில காலம் ஆட்சியிலும் பங்கு பிடித்து, கடைசியில் நசுக்கப்பட்டார்கள். அந்த நகரத்துச் செயலாளராக அப்போது இருந்தவர் ஸலூடாட்டி என்ற பெரிய ஹியூமனிஸ்ட். கலகத்துக்கு முன்னும் பின்னும் அவர் நாற்காலி பத்திரமாக இருந்தது. மனிதனின் மகிமை பற்றி அவர்கள் எழுதியபோது கம்பளிக் கூலியை நினைத்து எழுதவில்லை.

ஆனாலும் ஒருவர் வித்தியாசமாக நடந்தார். மாந்துவா நகரத்துப் பிரபுவின் பிள்ளைகளுக்கு வாத்தியாராக 1423-ல் போன வித்தோரினோ, பள்ளிக்கு 'ஆனந்த இல்லம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். ஏழைப் பிள்ளைகளையும் சம்பளமில்லாமல் சேர்த்துக்கொண்டு, பிரபுவின் பிள்ளையோடு ஒரே கூடத்தில் அதே பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார். ஏழைக்குத் தனிப் பாடத் திட்டம் போடவில்லை.

நம்மிடையேயும் ஒருவர் இருந்தார். சென்னையில் மீனவர் குடும்பத்தில் 1860-ல் பிறந்து, வக்கீலாகி, ஒத்துழையாமைக் காலத்தில் வக்கீல் தொழிலையே உதறியவர். 1923-ல் இந்தக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். ம. சிங்காரவேலர். ராஜாஜி சாலையில் இருக்கிற கலெக்டர் ஆபீஸுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சான்றிதழுக்காகவும் பட்டாவுக்காகவும் அங்கே படியேறுகிற எங்கள் ஜனங்களில் பலருக்கு, அவர் ஒரு 'தலைவர்' என்பது மட்டுமே தெரியும். அவர் தம் வீட்டில் ஆயிரக்கணக்கான புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார்; டார்வினையும் மார்க்ஸையும் வானசாஸ்திரத்தையும் படித்துவிட்டு, தொழிலாளிக்குப் புரியும் தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். தொழிலாளிக்கு விஞ்ஞானம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கட்டடத்துக்குப் பெயர் வைத்தோம். அந்தப் புத்தக அலமாரியை எங்கே வைத்தோம்?

இவ்வளவு எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏட்டை உரைத்துப் பார்ப்பது பண்டிதர் பொழுதுபோக்கு அல்ல. எண்ணூர்க் கதையைக் கேளுங்கள்.

கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற எண்ணூர்க் கழிமுகம் அலைநீர் ஏறி இறங்குகிற இடம். இறால், நண்டு, மடவை என்று தலைமுறை தலைமுறையாகப் பிடித்துப் பிழைத்த கிராமங்கள் கரையெல்லாம் இருக்கின்றன. மின் நிலையங்களின் சாம்பல் அங்கே படிந்ததும், அதைச் சுற்றித் துறைமுகமும் ஆலைகளும் எழுந்ததும் ஊரறிந்த சங்கதி. 2017-ல் மீனவர்களும் அவர்களோடு நின்ற சுற்றுச்சூழல்காரர்களும் இரண்டு வரைபடங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். இரண்டும் அரசாங்கக் காகிதம். ஒன்று 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரைத் திட்டத்தின் வரைபடம். அதில் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய நீர்நிலையாக இருக்கிறது. மற்றொன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கியது. அதில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கழிமுகத்தையே காணோம், இது போலி வரைபடம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

இறால் பிடிக்கிறவன் நின்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீர். காகிதத்தில் தரை!

அவர்கள் செய்தது வால்லா செய்த வேலைதான். ஒரு பத்திரத்தை எடுத்து, எந்த வருஷத்தது, யார் கொடுத்தது, இன்னொன்றோடு ஒத்துப்போகிறதா, கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டார்கள். அதற்குக் கட்டுமரம் தள்ளத் தெரிந்தால் மட்டும் போதாது. படிக்கத் தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பதை நான் சொல்லவில்லை. முத்திரை குத்திய காகிதத்தைப் பார்த்து, 'நீ சொல்வது மெய்தானா?' என்று கேட்கிற படிப்பைச் சொல்கிறேன். அதே 2017 ஜனவரியில், எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டிய எண்ணெயை எங்கள் ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். வெறுங்கையாலும் அள்ளினார்கள். அந்தக் கைகளைப் படம் எடுத்துப் போட்டு நாடே மனிதநேயம் பேசியது. அள்ளின கைக்கு ஒரு சொல் பாராட்டுக் கிடைத்தது, சரி. 'எவ்வளவு எண்ணெய் கொட்டியது? முதலில் சொன்ன கணக்கு எது, பிறகு சொன்ன கணக்கு எது?' என்று அதே கைகள் காகிதத்தைப் புரட்டினால், அப்போதும் பாராட்டுவார்களா?

பார்த்தீர்களா, இரண்டு தரப்பும் எங்கே வந்து சந்திக்கின்றன என்று! மேடைக்காரர் எங்கள் பிள்ளையைப் பார்த்து, 'கேள்' என்கிறார். தொழிற்கல்விக்காரர், 'செய்' என்கிறார். 'படித்துப் பார், பொருந்தவில்லையென்றால் சொல்' என்று சொல்ல இருவருக்கும் மனமில்லை. ஏனென்றால் அப்படிப் படிக்கத் தொடங்கியவன் முதலில் படிக்கப்போவது இவர்கள் இருவரையும்தான்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. வடசென்னைப் பள்ளிகளில் மேல் வகுப்புக்கு வரும்போது சரித்திரமும் இலக்கியமும் எடுத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கட்டும். அவனை மார்க்கு வாங்காதவன் என்று பார்க்காதிருக்கட்டும். எங்கள் கிளை நூலகங்களில் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் உ. வே. சா.வின் பதிப்பு ஒன்று, அடிக்குறிப்போடு இருக்கட்டும். வையாபுரிப் பிள்ளையும் இருக்கட்டும். அவரை மறுத்தவர்களும் அதே அலமாரியில் இருக்கட்டும். வாத்தியார் பிள்ளைகளிடம் இரண்டு புத்தகங்களைக் கொடுத்து, 'இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார். எது சரி, ஏன்?' என்று மாதத்துக்கு ஒரு தடவை கேட்கட்டும். தொழில் கற்கிற பிள்ளைக்கும் அதே கேள்வியைக் கேட்கட்டும். வெல்டிங் கற்றுக்கொண்டிருப்பவன் யோசிக்கமாட்டான் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

தமிழின் பெருமைக்கு இதனால் பங்கம் வரும் என்று அஞ்சுகிறவர்கள், தமிழ்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள். உரைத்துப் பார்த்தால் நிறம் மாறிவிடுமோ என்று கலங்குவது பித்தளை வைத்திருப்பவன் கவலை. நம்மிடம் இருப்பது பொன் என்று மேடைதோறும் சொல்கிறீர்களே. கல்லை எடுத்துக் கொடுங்கள், எங்கள் பிள்ளைகள் உரைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.